கூடைப்பந்து கேமில் அணியை எந்த பொசிஷனைச் சுற்றிக் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக்) ஆட்டங்களை வைத்து வருகிற என்பிஏ 2கே போன்ற வீடியோ கேம்களில் சொந்தமாக ஓர் அணியை எடுத்துக்கொண்டு சில சீசன்கள் விளையாடலாம் என்று உட்காருகிற எல்லோருக்கும் முதலில் வருகிற குழப்பம் இதுதான். கைவசம் இருக்கிற பெரிய சம்பளத்தை யாருக்குக் கொடுப்பது, டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து ஆட்களை எடுக்கும் தேர்வில், முதலில் யாரை எடுப்பது, யாரை மையமாக வைத்து மற்றவர்களைத் தேடுவது? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் அணிகளுக்கு எதிராக சீசன் முழுக்க விளையாடுகிறவர்களுக்கானவை. ஆன்லைனில் ஆடுகிறவர்களுக்கும், ஆட்டங்களைத் தாமே ஆடாமல் சிமுலேட் செய்து, அதாவது கம்ப்யூட்டரையே ஆடவிட்டு, ஓட்டுகிறவர்களுக்கும் பதில் மாறும். அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த பொசிஷன்?

சென்டர். ரிங்கைக் காக்கத் தெரிந்த, ரீபவுண்டை (ரிங்கில் விழாமல் திரும்பி வரும் பந்தை) விடாத, முடிந்தால் வெளியிலிருந்தும் பந்தைப் போடக்கூடிய சென்டர்.

காரணம் ஒன்றே ஒன்று. களத்தில் இருக்கும் ஐந்து பேரில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் நீங்கள் இயக்குகிறீர்கள். மீதி நால்வர் கம்ப்யூட்டரின் பொறுப்பு. பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உங்கள் கையில் இருப்பவர், அது பெரும்பாலும் கார்டு, அதாவது பந்தை எடுத்து வந்து ஆடுபவர். அவருக்கு இருக்கிற குறையை உங்கள் விரல் பழக்கம் ஓரளவு ஈடுகட்டிவிடும். ரிங்குக்கு அடியில் நிற்கிறவரின் வேலை அப்படியல்ல. சரியான நொடியில் உதவிக்கு வருவது, எதிராளியை முதுகால் தள்ளி ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பது, உறுதியாக ஸ்கிரீன் போடுவது (எதிராளியின் வழியில் அசையாமல் நின்று மறிப்பது) எல்லாம் முக்கால்வாசி நேரம் கம்ப்யூட்டர் செய்வது. அதை எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதை அந்த ஆளுக்குக் கேம் தந்திருக்கிற திறன் எண், அதாவது ரேட்டிங்தான் முடிவு செய்கிறது. உங்கள் திறமை எட்டாத இடத்தில்தான் அணியின் சிறந்த ஆள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் கூடைப்பந்துக்கே புதுசு. ஐந்து பொசிஷன்களும் என்னென்ன?

பாயின்ட் கார்டு பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துபவர். ஷூட்டிங் கார்டு வெளியிலிருந்து எறிபவர். ஸ்மால் ஃபார்வர்டு உள்ளேயும் வெளியேயும் ஆடுபவர். விங் என்று சொல்வதும் பெரும்பாலும் இவரைத்தான். பவர் ஃபார்வர்டு உள்ளே அடித்து ஆடுபவர், இப்போதெல்லாம் வெளியேயும் எறிகிறார். சென்டர் பொதுவாக அணியிலேயே உயரமானவர், ரிங்கின் காவல் இவர் பொறுப்பு. இதே வரிசையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்களாலும் இவர்களைக் குறிப்பதுண்டு.

பந்து அதிக நேரம் இருப்பது பாயின்ட் கார்டிடம்தானே? அப்படியானால் அவரைச் சுற்றிக் கட்டுவதுதானே நியாயம்?

நிஜ ஆட்டத்தில் அது வலுவான வாதம். கேமில் அது பாதிதான் சரி.

ஒரு தாக்குதலுக்கு 24 விநாடி. முதல் 8 விநாடிக்குள் பந்து பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும். மிச்சமுள்ள 16 விநாடியில் கார்டு என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பவர் நீங்கள். யார் தனியாக நிற்கிறார் என்று பார்ப்பது உங்கள் கண், எப்போது பாஸ் கொடுப்பது என்பது உங்கள் பொறுமை. பந்தைக் கையாளும் ரேட்டிங் 82 இருக்கிற கார்டையும் 92 இருக்கிறவரையும் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். 92 இருப்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு போவது வேகமாக, அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஸ்கிரீனைப் பயன்படுத்தத் தெரிந்துவிட்டால் 82-ஐ வைத்துக்கொண்டும் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இப்போது இதே பத்துப் புள்ளி வித்தியாசத்தை உள்ளே வைத்துப் பாருங்கள். எதிரணி கார்டு உங்கள் ஆளைத் தாண்டிவிட்டார். நீங்கள் ஸ்டிக்கைத் தவறான பக்கம் தள்ளிவிட்டீர்கள், அவர் தோள் உங்கள் ஆளின் தோளைக் கடந்துவிட்டது. இன்னும் இரண்டே எட்டில் லேஅப் (ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது). சுமாரான சென்டர் அந்த நேரத்தில் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டு நிற்பார், அல்லது தாமதமாக வந்து கையில் அடித்து ஃபவுல் வாங்குவார். நல்ல சென்டர் கார்டு தாண்டியபோதே ஓர் எட்டு நடுவில் வந்திருப்பார். கார்டு மேலே எழும்போது அவர் கை ஏற்கெனவே மேலே இருக்கும். பிளாக் ஆக வேண்டும், அதாவது எறியும் பந்தைத் தட்டிவிட வேண்டும், என்பதுகூட இல்லை, அந்த நெருக்கடியிலேயே பந்து ரிங்கின் விளிம்பில் பட்டு வெளியே வந்துவிடும். விழுகிற பந்தையும் அவரே எடுத்துவிடுவார். நீங்கள் செய்த தப்பு ஸ்கோரில் ஏறவே இல்லை.

இது ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கேமின் கடினத்தை சூப்பர்ஸ்டார், ஹால் ஆஃப் ஃபேம் என்று ஏற்ற ஏற்ற, உங்கள் கார்டை ஏமாற்றி உள்ளே வருவது கூடிக்கொண்டே போகும். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்.

சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஓவரால் ரேட்டிங் போதாதா?

போதாது. ஓவரால் என்பது எல்லாவற்றையும் கலந்து வருகிற எண். முதுகைக் காட்டிப் புள்ளி எடுப்பதில் கெட்டிக்காரரான ஒரு சென்டர், பாதுகாப்பில் சொதப்புகிறவராக இருந்தாலும் 85-ஐத் தாண்டி நிற்பார். பட்டியலில் அவர் பெயர் மேலே வரும். எடுத்த பிறகுதான் உள்ளே ஓட்டை இருப்பது தெரியும்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் உட்பாதுகாப்பு, அதாவது இன்டீரியர் டிஃபென்ஸ். 80-க்குக் கீழே இருப்பவரை மையமாக வைக்க மாட்டேன். அடுத்தது டிஃபென்சிவ் ரீபவுண்ட். எதிரணியை ஒருமுறை தவறவிடச் செய்துவிட்டு இரண்டாவது வாய்ப்பையும் கொடுத்தால் செய்த வேலை வீண். பிறகு பிளாக், உடல் வலிமை. பழைய பதிப்புகளில் ஹெல்ப் டிஃபென்ஸ் ஐக்யூ என்றொரு எண் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் மேலே சொன்ன அந்த ஓர் எட்டு எப்போது எடுத்து வைக்கப்படுகிறது என்பதோடு சம்பந்தப்பட்ட எண் அது.

இவ்வளவும் தேறிய பிறகுதான் ஷூட்டிங். த்ரீ பாயின்ட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுப்பது) 75 இருந்தால் எனக்குப் போதும். அந்த அளவு இருந்தாலே எதிரணி சென்டர் ரிங்கை விட்டு வெளியே வந்து இவரைக் காக்க வேண்டியிருக்கும். உங்கள் கார்டுக்கு உள்ளே வழி திறந்துவிடும்.

உயரத்தைவிடக் கை நீளத்தைப் பாருங்கள், விங்ஸ்பேன் என்று கேம் காட்டும். டிரேமண்ட் கிரீன் ஆறடி ஆறு அங்குலம்தான், ஆனாலும் 2017-இல் லீகின் சிறந்த டிஃபென்டர் விருது வாங்கியவர். உயரத்தை மட்டும் பார்த்து ஒதுக்கினால் இப்படிப்பட்டவர்கள் கைதவறிப் போவார்கள்.

தாக்குதலில் சென்டரை வைத்து என்ன செய்ய முடியும்? சும்மா உள்ளே பந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதா?

இல்லை, அது சீக்கிரமே அலுத்துவிடும். எதிரணியும் இருவராக வந்து மறித்துவிடும். சென்டரை மையமாக வைத்த அணியின் உயிர் பிக் அண்ட் ரோல், அதாவது சென்டர் ஸ்கிரீன் போட்டுவிட்டு ரிங்கை நோக்கி ஓடுவது.

பிளேஸ்டேஷனில் எல்1 பட்டனை அழுத்திப் பிடித்தால் சக ஆட்டக்காரர் வந்து ஸ்கிரீன் போடுவார். இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். ஸ்கிரீன் போடுபவர் கால் ஊன்றி நிற்பதற்குள் ஓடிவிடுகிறார்கள், எதிராளி அலுங்காமல் பின்னாலேயே வந்துவிடுகிறார். சென்டர் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகு உங்கள் கார்டின் தோள் சென்டரின் இடுப்பை உரசுகிற மாதிரி நெருக்கமாகத் திரும்புங்கள். எதிரணி கார்டு ஸ்கிரீனில் மாட்டிக்கொள்வார். இப்போது உங்கள் இருவருக்கும் எதிரே அவர்களுடைய சென்டர் ஒருவர் மட்டும். அவர் பின்வாங்கி ரிங்கைக் காத்தால் நீங்கள் நின்ற இடத்திலிருந்தே எறியலாம். உங்கள் மேல் பாய்ந்தால் உள்ளே ஓடுகிற சென்டருக்கு மேலாகப் பந்தைத் தூக்கிக் கொடுங்கள், அவர் அதை ரிங்குக்குள் அழுத்திப் போட்டுவிடுவார், டங்க். மூலையில் நிற்கிற உங்கள் விங்கை மறிப்பவர் உதவிக்கு வந்தால் ஆர்1 அழுத்தி அந்த மூலைக்கு நேராகப் பாஸ். மூலையில் த்ரீ பாயின்ட் கோடு 22 அடிதான், நடுவில் உள்ள 23 அடி 9 அங்குலத்தைவிடக் கிட்டம்.

மூன்று வாசலும் திறப்பது ஸ்கிரீன் போடுகிற ஆள் கனமானவராகவும், உள்ளே போனால் ஆபத்தானவராகவும் இருப்பதால்தான். ஷூட்டிங் தெரிந்த சென்டராக இருந்தால் உள்ளே ஓடாமல் வெளியே விலகவும் சொல்லலாம், அது பிக் அண்ட் பாப்.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது: பாஸ் கொடுக்கத் தெரிந்த சென்டர். நிகோலா யோகிச் 2014 டிராஃப்டில் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர். 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. 2023-இல் டென்வருக்குக் கோப்பை. 2024-25 சீசனில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்) மூன்றிலும் அவர் சராசரி இரட்டை இலக்கம். இப்படிப்பட்டவர் கிடைத்தால் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறிதல்) கோட்டுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திப் பந்தைக் கொடுங்கள். கார்டுகள் அவரைச் சுற்றி ஓடி உள்ளே வெட்டட்டும். கேம் ஆடுவதிலேயே மிகவும் இன்பமான வடிவம் இதுதான் என்பேன்.

ஒரு விஷயம்: யோகிச் பாணி சென்டரை எடுத்தால் அவருடைய ரிங் காவல், அதற்கே பெயர்பெற்ற ருடி கோபேர் மாதிரி இருக்காது. பக்கத்தில் நீளக் கை உள்ள பவர் ஃபார்வர்டு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

ஷகீல் ஓ'நீல் மாதிரி வெளியே எறியத் தெரியாத சென்டர் கிடைத்தால் எடுக்கலாமா?

தாராளமாக. ஏழடி ஓர் அங்குலம், அந்த உடம்பு. லேக்கர்ஸ் 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வென்றது அவரை வைத்து. கேமிலும் அவரை ஒற்றை ஆளால் மறிக்க முடியாது.

விலை இரண்டு. ஃப்ரீ த்ரோ முதலாவது. நிஜத்தில் அவருடைய வாழ்நாள் கணக்கு 52.7 சதவீதம். எதிரணிகள் வேண்டுமென்றே அவரை ஃபவுல் செய்து கோட்டுக்கு அனுப்பியதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. கேமில் ஃப்ரீ த்ரோவை நீங்களே நேரம் பார்த்து எறியலாம் என்றாலும், குறைந்த ரேட்டிங்கில் நேரம் பிசகாமல் விடுவது கஷ்டம். இரண்டாவது இட நெருக்கடி. இவர் உள்ளேயே நிற்பதால் இவரை மறிக்கிறவரும் உள்ளேயே நிற்பார். ஆகவே மற்ற நால்வரும் எறியத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். நால்வரில் இருவர் எறியத் தெரியாதவர் என்றால் ஷகீலே இருந்தாலும் தாக்குதல் அடைபட்டுவிடும்.

எனக்கு த்ரீ பாயின்ட் நன்றாக விழுகிறது. ஸ்டீஃபன் கரியைச் சுற்றிக் கட்டக்கூடாதா?

கட்டலாம். பாயின்ட் கார்டைச் சுற்றிக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு உள்ள ஒரே வகை இதுதான். கரி 2015-16 சீசனில் மட்டும் 402 த்ரீ போட்டார், அந்த வருடம் கோல்டன் ஸ்டேட் 73 வெற்றி, 9 தோல்வி. பாதிக் கோட்டைத் தாண்டியதுமே எதிராளியை ஒட்டி நிற்க வைக்கிற ஆள் அவர். அந்த ஈர்ப்பு கேமிலும் வேலை செய்கிறது.

உங்கள் ரிலீஸ் நேரம் (எறியும்போது பட்டனை விடுகிற நொடி) உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயிற்சி அறையில் அல்ல, ஆட்டத்தில், கை நீட்டி ஒருவர் மறிக்கும்போது. பத்தில் நான்கு பச்சையாக, அதாவது நேரம் துல்லியமாக, விழுந்தால் கரி உங்களுக்கான ஆள். அந்த நேரத்தைத் திரையில் காட்டும் ஷாட் மீட்டரை அணைத்துவிட்டும் விழுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த 73 வெற்றி அணியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கரிக்குப் பின்னால் ரிங்கைக் காத்தவர்களில் முக்கியமானவர் டிரேமண்ட் கிரீன், ஸ்கிரீன் போட்டவரும் அவர், ஸ்கிரீனிலிருந்து விலகிப் பந்தை வாங்கி மூவருக்கு எதிரே நால்வராக ஆட்டத்தை நடத்தியவரும் அவர்தான். கரியை எடுத்தவர்கள் பலர் அந்த இரண்டாவது ஆளைத் தேடாமல் இன்னொரு ஷூட்டரைத் தேடுகிறார்கள். பிறகு ஒவ்வோர் ஆட்டமும் 118-க்கு 121 என்று போய் முடிகிறது.

ஸ்மால் ஃபார்வர்டு? லெப்ரான் ஜேம்ஸ் மாதிரி ஒருவர் இருந்தால் எல்லாமே செய்வாரே?

செய்வார். ஆறடி ஒன்பது அங்குலம், பந்தைக் கையாளுவார், ஐந்து பொசிஷனையும் மறிப்பார். அவரைப் போல ஒருவர் கிடைத்தால் இந்தப் பக்கத்தில் எழுதியதை மறந்துவிட்டு அவரை எடுங்கள். சிக்கல் என்னவென்றால் அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? பெரும்பாலான விங் ஆட்டக்காரர்கள் எல்லாவற்றிலும் 80 வாக்கில் இருப்பார்கள், எதிலும் ஆட்டத்தைத் திருப்பமாட்டார்கள். அவர்கள் அணிக்கு அத்தியாவசியமானவர்கள், எத்தனை பேர் இருந்தாலும் நல்லது. மையமாக வைப்பதற்குத்தான் போதாது.

பவர் ஃபார்வர்டு, ஷூட்டிங் கார்டு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பவர் ஃபார்வர்டு என்பது பல சமயம் பெயரளவுக்குத்தான். டிம் டங்கன், யானிஸ் அன்டெடகூம்போ போன்றவர்களைத் தேவைப்பட்டபோது ஐந்தாம் இடத்தில் நிறுத்தி ஆடலாம். சென்டருக்குச் சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். யானிஸ் 2021 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து மில்வாக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். வெளியே எறிவது அவர் பலமே அல்ல.

ஷூட்டிங் கார்டைச் சுற்றிக் கட்டுவதை மைக்கேல் ஜோர்டன் தவிர வேறு யாருக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். எறிவது உங்கள் விரல் செய்கிற வேலை. அந்த வேலையை 84 ரேட்டிங் உள்ளவரும் செய்து கொடுப்பார்.

2கே-யில் பழைய காலகட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஆடினால் பதில் மாறுமா?

காலம் பின்னால் போகப் போக சென்டரின் மதிப்பு இன்னும் ஏறும்.

2022-இல் வந்த 2கே23-இல் மைஎன்பிஏ ஈராஸ் அறிமுகமானது. 1983, 1991, 2002 என்று தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுக்கலாம், இன்றைய லீகையும் எடுக்கலாம். பிறகு வந்த பதிப்புகளில் 2010, 2016 சேர்ந்தன. ஆட்கள் மட்டுமல்ல, ஆடும் முறையும் மாறுகிறது. 1983-84 சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு எறிந்த த்ரீ சராசரி மூன்றுகூட இல்லை. இன்றைக்கு அது 35-க்கு மேல். யாரும் வெளியிலிருந்து எறியாத உலகில் ரிங்குக்கு அடியில் நிற்கிறவர்தான் ராஜா. அதோடு 2001-02 சீசனுக்கு முன்பு வரை என்பிஏ-வில் ஜோன் டிஃபென்ஸுக்குத் தடை. ஆளில்லாத இடத்தில் போய் நின்று சென்டரை மறிக்க முடியாது. ஹக்கீம் ஒலாஜுவான், பேட்ரிக் யூயிங், டேவிட் ராபின்சன் எல்லாம் முதுகைக் காட்டி நின்று ஆண்ட காலம் அது.

2004-05-இல் கார்டுகளைக் கையால் தடுத்துப் பிடிப்பதற்கு நடுவர்கள் கெடுபிடி காட்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் வேகமான கார்டுகளின் காலம். ஆகவே 2016 தொடக்கத்தை எடுக்கிறீர்கள் என்றால் கரி வழியைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் அதிகம்.

நிஜ என்பிஏ கார்டுகளின் லீக் ஆகிவிட்டதே, அப்புறம் ஏன் சென்டர்?

எறிவது கூடியிருக்கிறது, உண்மை. ஆனால் 2019 முதல் 2024 வரை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுப் பட்டியலைப் பாருங்கள்: யானிஸ் இரண்டு முறை, யோகிச் மூன்று முறை, ஜோயல் எம்பீட் ஒரு முறை. ஆறு வருடமும் உயரமானவர்களே. 2025-இல்தான் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் என்ற கார்டு அதை வாங்கினார், ஓக்லஹோமா சிட்டி கோப்பையும் வென்றது. அந்த அணியிலும் பின்னால் செட் ஹோல்ம்கிரன், ஐசயா ஹார்டன்ஸ்டைன் என்று இரண்டு ஏழடிக்காரர்கள் நின்றார்கள்.

டிராஃப்டில் என் முறை வரும்போது சிறந்த ஆள் கார்டாக இருந்தால்? அப்போதும் சென்டரையே எடுக்கணுமா?

கூடாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் அணியே கெட்டுப்போகும்.

1984 டிராஃப்டை நினைத்துப் பாருங்கள். ஹூஸ்டன் முதலில் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவது போர்ட்லாண்ட். அவர்களிடம் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற நல்ல கார்டு ஏற்கெனவே இருந்தார், சென்டர்தான் தேவை. சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவதாக சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டனை. போவியைக் காயங்கள் வாட்டின, ஜோர்டன் ஆறு கோப்பை வென்றார். 1983 காலகட்டத்தில் தொடங்கினால் உங்களுக்கு வருகிற முதல் டிராஃப்டே இதுதான்.

ஆக, ஆளா பொசிஷனா என்றால் ஆள்தான். இருவரும் ஏறக்குறைய சமம், யாரை எடுப்பது என்று தடுமாறுகிற இடத்தில்தான் சென்டர் பக்கம் சாய வேண்டும். அந்த டிராஃப்டில் முதலிடம் உங்களுடையது என்றால் ஒலாஜுவானா ஜோர்டனா? கேமில் நான் ஒலாஜுவானைத்தான் எடுப்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் அதிகம், பரவாயில்லை.

எல்லா ஆட்டக்காரர்களையும் கலைத்துப் போட்டு முதலிலிருந்து எடுக்கிற ஃபேன்டசி டிராஃப்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 30 அணிகள் இருக்கின்றன. முதல்தரமான சென்டர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். எறியத் தெரிந்த நல்ல கார்டுகள் ஐந்தாவது, ஆறாவது சுற்றிலும் மிச்சமிருப்பார்கள். முதலில் தீர்ந்துபோவதை முதலில் எடுங்கள்.

சம்பள வரம்பை எப்படிப் பிரிப்பது?

கேம் நிஜ விதியைத்தான் பின்பற்றுகிறது. ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சம்பளம், லீகில் ஆறு வருடம் வரை ஆடியவருக்கு சம்பள வரம்பில் 25 சதவீதம். ஏழு முதல் ஒன்பது வருடம் என்றால் 30. பத்தும் அதற்கு மேலும் என்றால் 35. இருவருக்கு அதிகபட்சம் கொடுத்துவிட்டால் பாதியோ அதற்கு மேலோ போய்விடும்.

ஓர் அதிகபட்சச் சம்பளம் சென்டருக்கு, இன்னொன்று பந்தைக் கையாளத் தெரிந்த ஒருவருக்கு. அவர் கார்டாகவும் இருக்கலாம், விங்காகவும் இருக்கலாம். மற்ற மூவரையும் மலிவாகப் பிடியுங்கள்: த்ரீ பாயின்ட் 80-க்கு மேல், பெரிமீட்டர் டிஃபென்ஸ், அதாவது ரிங்குக்குத் தள்ளி வெளியே மறிப்பது, 75-க்கு மேல், வேறொன்றும் வேண்டாம். மூன்று பெரிய சம்பளம் கொடுத்து பெஞ்சைக் காலியாக வைப்பவர்கள் மார்ச் மாதம் யாருக்காவது காயம் பட்டதும் தவித்துப்போவார்கள்.

முதல் சுற்றில் எடுக்கிற புதுமுகத்தின் ஒப்பந்தம் நான்கு வருடம் வரை மலிவாக நீளும். விக்டர் வெம்பன்யாமா 2023-இல் முதல் ஆளாக வந்து, முதல் சீசனிலேயே லீகில் அதிக பிளாக் எடுத்தார். அப்படி ஒரு சென்டர் மலிவு ஒப்பந்தத்தில் இருக்கிற வருடங்கள்தான் உங்களுக்குப் பொற்காலம். மிச்சமாகிற பணத்தை அந்த வருடங்களிலேயே செலவழியுங்கள்.

டிஃபென்ஸில் நான் யாரைப் பிடித்திருக்க வேண்டும்? சென்டரையேவா?

ஆரம்பத்தில் வேண்டாம். பந்து வைத்திருப்பவரை மறிக்கிற கார்டைப் பிடியுங்கள், சென்டரைக் கம்ப்யூட்டரிடம் விடுங்கள். நல்ல சென்டரை வாங்கியதே அதற்குத்தான். எதிராளி எறிந்த பிறகு எக்ஸ் பட்டனால் சென்டருக்கு மாறி ரீபவுண்டுக்கு முக்கோணத்தை அழுத்தலாம். பந்து ரிங்கைத் தொடுவதற்கு முன்பே குதித்தால் தரையிறங்கும்போது பந்து தலைக்கு மேலே போகும், கொஞ்சம் பொறுங்கள்.

பழகிய பிறகு ஆர்வமிருந்தால் சென்டரையே பிடித்து, பாஸ் வரும் வழியில் நின்று ஆடிப் பாருங்கள். அது தனி வித்தை.

ஃபவுல் சேர்ந்து சென்டர் உட்கார வேண்டி வந்தால் அணி சரிந்துவிடுமே?

இந்த முறையின் உண்மையான பலவீனம் இது. ஆறு ஃபவுல் ஆனால் வெளியே. முதல் பாதியில் மூன்று விழுந்துவிட்டால் உட்கார வைத்துவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். சதுரப் பட்டனை அழுத்தி அழுத்திப் பந்தைப் பிடுங்கப் பார்ப்பதைச் சென்டரிடம் அறவே விடுங்கள், தேவையில்லாத ஃபவுல்களில் பாதி அதனால் வருவது. மாற்று சென்டர் அழகாக ஆட வேண்டியதில்லை. உட்பாதுகாப்பும் ரீபவுண்டும் இருந்தால் போதும், குறைந்தபட்சச் சம்பளத்துக்கே வயதான ஒருவர் கிடைப்பார்.

நான் ஆட்டங்களை ஆடுவதில்லை, சிமுலேட் செய்து மேலாளராக மட்டும் இருக்கிறேன்.

அப்படியானால் உங்கள் விரலுக்கு வேலையே இல்லை, என் முதல் வாதமும் போய்விடுகிறது. ஓவரால் அதிகம் உள்ள ஆளைச் சுற்றிக் கட்டுங்கள், எந்த பொசிஷனாக இருந்தாலும் சரி. வயதை மட்டும் கவனியுங்கள்.

ஆன்லைனில் மனிதர்களோடு, மைடீமில் (ஆட்டக்காரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டுகிற முறை) ஆடுகிறேன். அங்கேயும் சென்டரா?

அங்கே எதிராளி யோசிக்கிறவர். உங்கள் சென்டர் மெதுவானவர் என்று தெரிந்த மறு நிமிடம் அவரை ஸ்கிரீனுக்கு இழுத்து வெளியே கொண்டுவந்து கார்டோடு ஓட விடுவார். எனவே ஐந்து பேரும் ஒருவர் இடத்தில் ஒருவர் நின்று மறிக்கக்கூடிய நீளமான அணிதான் அங்கே பலம். ஆறடி ஒன்பது அங்குல பாயின்ட் கார்டான மேஜிக் ஜான்சனுக்கு ஆன்லைனில் இருக்கிற மவுசுக்குக் காரணம் அதுதான். சென்டர் வேண்டும், ஆனால் வேகமும் பக்கவாட்டில் நகரும் தன்மையும் உள்ளவராக வேண்டும். 21 புள்ளிக்கு மூவர் ஆடுகிற டிரிபிள் த்ரெட்டில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும்.

ஏற்கெனவே கார்டைச் சுற்றி ஓர் அணி வைத்திருக்கிறேன். கலைக்காமல் மாற முடியுமா?

முடியும். முதலில் மாற வேண்டிய தேவை இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் வருகிற புள்ளிவிவரத்தில் ரிங் பகுதிக்குள் எதிரணி எடுத்த புள்ளியையும், இரண்டாவது வாய்ப்பில் எடுத்த புள்ளியையும் சீசனின் முதல் இருபது ஆட்டங்களுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தொடர்ந்து நீங்கள் பின்தங்கினால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். த்ரீயில்தான் அடி வாங்குகிறீர்கள் என்றால் சென்டரை மாற்றிப் பயனில்லை, விங்கைப் பாருங்கள்.

சென்டர்தான் என்று ஆனால், உங்கள் நட்சத்திரக் கார்டை விற்காதீர்கள். இரண்டாவது ஷூட்டரையும் எதிர்கால முதல் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றையும் சேர்த்து, தோற்றுக்கொண்டிருக்கிற ஓர் அணியின் சென்டரைக் கேளுங்கள். முப்பதைத் தாண்டிய, நீண்ட ஒப்பந்தத்தில் உள்ள சென்டரை அந்த அணிகள் கொடுக்கத் தயாராக இருக்கும், ஆனால் அவரைத் தொடாதீர்கள். 24 முதல் 27 வயதுக்குள், ஓவரால் 80 வாக்கில், உட்பாதுகாப்பு மட்டும் 85-ஐத் தாண்டியவராகத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்களைக் கேம் குறைத்தே மதிப்பிடும். டிரேட் முடிந்ததும் டிஃபென்ஸ் அமைப்புகளுக்குப் போய், பிக் அண்ட் ரோலில் சென்டர் பின்வாங்கி நிற்க வேண்டும் என்று மாற்றிவையுங்கள். வந்த ஆளை அவருக்குத் தெரிந்த வேலையில் நிறுத்திவிட்டு அடுத்த ஐந்து ஆட்டங்களில் அதே இரண்டு எண்களைத் திரும்பக் குறியுங்கள்.